தாய்வழி வந்த கோளாறு: மைட்டோகாண்ட்ரியாவும் மூளையும்

"மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம்." பள்ளியில் உயிரியல் படித்த எவருக்கும் மறக்காத வரி இது. இரண்டு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்து, தேர்வு எழுதி, அத்தோடு விட்டுவிடும் வரியும் இதுதான். ஆனால் அந்த ஆற்றல் நிலையத்துக்குள் தனியாக ஒரு டி.என்.ஏ. இருக்கிறது. அது தாயிடமிருந்துதான் பிள்ளைக்கு வருகிறது. அதில் ஒரே ஓர் எழுத்து பிசகினால் இருபது வயது இளைஞனின் பார்வை சில மாதங்களில் பறிபோகலாம். பள்ளி செல்லும் குழந்தைக்குப் பக்கவாதம் போன்ற தாக்குதல் வரலாம். மனநோய் போலத் தோன்றும் அறிகுறிகளும் வரலாம். இவை எதுவும் அந்த இரண்டு மதிப்பெண் விடையில் இடம்பெறுவதில்லை.

இதைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்த நூறு ஆண்டுகளின் கதை சுவையானது. கொஞ்சம் வேதனையானதும் கூட.

மாமனுக்கு வந்தது மருமகனுக்கும்...

1871ஆம் ஆண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த கண் மருத்துவர் தியோடர் லேபர் ஒரு விசித்திரமான கண்நோயைப் பற்றி எழுதினார். நல்ல திடகாத்திரமான இளைஞர்கள். பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது. வலி கிடையாது. அடிபட்டதும் கிடையாது. ஒரு கண்ணின் நடுப்பார்வை மங்கும். சில வாரங்களிலோ மாதங்களிலோ அடுத்த கண்ணும் மங்கும். சோதித்துப் பார்த்தால் பார்வை நரம்பு நலிந்து போயிருக்கும். இதே போன்ற நோயாளிகளை வான் கிராஃபே என்ற மருத்துவர் 1858லேயே குறிப்பிட்டிருந்தார். ஆனாலும் இது குடும்பத்தில் தொடரும் ஒரு தனி நோய் என்று தெளிவாகச் சொன்னவர் லேபர்தான். இன்றும் அவர் பெயரால்தான் அந்த நோய் அழைக்கப்படுகிறது.

குடும்ப வரலாற்றைக் கேட்கக் கேட்கத்தான் புதிர் பெரிதானது. நோயுற்ற ஆண்களின் பிள்ளைகளுக்கு நோய் வருவதில்லை. அவர்களுடைய சகோதரிகளின் பிள்ளைகளுக்கு வருகிறது. தாய்மாமனுக்கு வந்தது மருமகனுக்கு வருகிறது. நடுவில் இருக்கும் தாய்க்கோ பெரும்பாலும் கண் நன்றாகவே தெரிகிறது!

1900இல் மெண்டலின் விதிகள் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. பாதி மரபு தந்தையிடமிருந்து, பாதி தாயிடமிருந்து என்ற கணக்கு எல்லாப் பரம்பரை நோய்களுக்கும் பொருத்திப் பார்க்கப்பட்டது. லேபர் நோயை, ரத்தம் உறையாமை நோயைப் போல, எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் நோய் என்றார்கள். ஆனால் கணக்கு இடித்தது. ரத்தம் உறையாமை நோய் உள்ள ஆணின் மகள் வழியாகப் பேரனுக்கு அந்நோய் வரலாம். லேபர் நோய் அப்படி வருவதில்லை. ஆணோடு அது நின்றுவிடுகிறது.

1936இல் ஜப்பானைச் சேர்ந்த இமாய், மோரிவாகி என்ற இருவர் துணிந்து ஒன்றைச் சொன்னார்கள். நோயின் மூலம் செல்லின் உட்கருவில் இல்லாமல், அதைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தில் இருக்கலாம் என்பதே அது. கருமுட்டை பெரியது, அதில் சைட்டோபிளாசம் நிறைய. விந்தணுவில் அது மிகக் குறைவு. ஆகவே தாய்வழி மட்டும் வருவதில் வியப்பில்லை. அருமையான ஊகம்! ஆனால் சைட்டோபிளாசத்தில் மரபுப் பொருள் எங்கே இருக்கிறது என்று காட்ட அன்று எவராலும் முடியவில்லை. ஊகம் ஏட்டில் கிடந்தது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் வைரஸாக இருக்குமோ என்றுகூடப் பின்னாளில் யோசித்துப் பார்த்தார்கள்.

நூலும் மணியும்

மைட்டோகாண்ட்ரியாவின் கதையோ வேறொரு பக்கம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 1890இல் ரிச்சர்ட் ஆல்ட்மன் செல்லுக்குள் தெரியும் சின்னஞ்சிறு துகள்களைக் கவனித்து, இவை தனித்து வாழும் உயிர்களைப் போன்றவை என்று எழுதினார். 1898இல் கார்ல் பெண்டா அவற்றுக்குக் கிரேக்க மொழியில் பெயர் வைத்தார். மைட்டோஸ் என்றால் நூல், காண்ட்ரோஸ் என்றால் மணி. தமிழில் இழைமணி என்று சொல்வது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

இது நோயோடு சம்பந்தப்பட்டது என்று முதலில் நிரூபணமானது ஸ்வீடனில். 1962இல் ரால்ஃப் லுஃப்ட் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் 35 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். அவர் நிறையச் சாப்பிடுவார், ஆனால் மெலிந்தே இருப்பார். ஸ்வீடனின் குளிரிலும் வியர்த்துக் கொட்டும். தைராய்டு கோளாறு என்றே எவரும் நினைப்பார்கள். ஆனால் தைராய்டு சரியாக இருந்தது. தசையை எடுத்துச் சோதித்தபோது உண்மை தெரிந்தது. அவருடைய மைட்டோகாண்ட்ரியா உணவை எரித்துக்கொண்டே இருந்தது. அப்படிக் கிடைத்ததில் பெரும்பகுதி உடலுக்குப் பயன்படும் ஆற்றலாக மாறாமல் வெறும் வெப்பமாக வீணாகிக்கொண்டிருந்தது. வியாபாரம் நடக்கிறது, கல்லாவில் பணம் சேரவில்லை என்பது போல. மைட்டோகாண்ட்ரியா கோளாறால் வந்தது என்று உறுதியான முதல் மனித நோய் இதுதான்.

அடுத்த ஆண்டே, 1963இல், அதே ஸ்டாக்ஹோமில் மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் இருவரும் கோழிக்கருவின் மைட்டோகாண்ட்ரியாவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது உள்ளே டி.என்.ஏ. இழைகளைக் கண்டார்கள். இமாயும் மோரிவாகியும் தேடிய மரபுப் பொருள் இதோ! ஆனால் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து முடிச்சுப் போட இன்னும் 25 ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையே இன்னொன்றும் நடந்திருந்தது. 1951இல் லண்டனில் டெனிஸ் லீ என்ற மருத்துவர், ஏழு மாதக் குழந்தை ஒன்றின் மூளையில் இருபுறமும் ஒரே மாதிரியான சிதைவு இருந்ததை விவரித்தார். லீ நோய் என்று இன்று அழைக்கப்படும் இது, குழந்தைகளைத் தாக்கும் மைட்டோகாண்ட்ரியா நோய்களில் மிகக் கொடியது. அவர் ஒரு மனநல மருத்துவர் என்பது குறிப்பிடத்தக்கது. நரம்பு வேறு, மனம் வேறு என்று கறாராகப் பிரிக்காத காலத்தின் அடையாளம் அது.

வெறும் 37 மரபணுக்கள்

1970களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த டக்ளஸ் வாலஸ் என்ற இளைஞர் மைட்டோகாண்ட்ரியா மரபைப் பிடித்துக்கொண்டார். மனித உட்கருவில் சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. இருக்கும்போது, இந்தத் துண்டு டி.என்.ஏ.வில் என்ன இருக்கப் போகிறது என்பதே அன்று பலரது எண்ணம். 1980இல் அவரும் அவரது குழுவினரும் மனிதர்களில் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாய்வழியாகவே வருகிறது என்று காட்டினார்கள். (2002இல் டென்மார்க்கில் ஒருவரின் தசையில் தந்தையின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. காணப்பட்டது. அது அரிய விதிவிலக்காகவே கருதப்படுகிறது.)

1981இல் கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் சாங்கரின் ஆய்வுக்கூடத்திலிருந்து முழு வரிசையும் வெளியானது. மொத்தம் 16,569 எழுத்துகள். வட்ட வடிவம். 37 மரபணுக்கள். அவற்றில் 13 மட்டுமே புரதங்களை உருவாக்குபவை. அந்த 13 புரதங்களும் ஆற்றல் தயாரிக்கும் எந்திரத்தின் பாகங்கள்.

இப்போது ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மூலப்பிரதி கையில் இருந்தது. இனி நோயாளியின் எழுத்துகளை அதனோடு ஒத்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

1988: முடிச்சு அவிழ்ந்த ஆண்டு

அந்த ஆண்டு பிப்ரவரியில் லண்டனைச் சேர்ந்த இயன் ஹோல்ட், அனிதா ஹார்டிங், ஜான் மார்கன்-ஹியூஸ் மூவரும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மைட்டோகாண்ட்ரியா தசைநோய் கொண்ட 25 பேரைச் சோதித்ததில் 9 பேரின் தசையில் இரண்டு வகை மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. இருந்தது. ஒன்று முழுமையானது. மற்றொன்றில் ஒரு பெரிய துண்டையே காணவில்லை.

டிசம்பரில் வாலஸின் குழு 'சயின்ஸ்' இதழில் லேபர் நோயின் காரணத்தை வெளியிட்டது. 11,778ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அவ்வளவுதான்! லேபர் எழுதிய 1871லிருந்து கணக்கிட்டால் 117 ஆண்டுகள். இமாயும் மோரிவாகியும் சொன்னதிலிருந்து 52 ஆண்டுகள். அவர்கள் சொன்னது சரிதான் என்று முடிவானது.

1990இல் இன்னும் இரண்டு. ஜப்பானில் கோதோ, நோனாகா, ஹொராய் ஆகியோர் 'மெலாஸ்' நோய்க்குக் காரணமான 3,243ஆம் இடத்து மாற்றத்தைக் கண்டார்கள். இளம் வயதில் பக்கவாதம் போன்ற தாக்குதல்கள், வலிப்பு, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடுதல் ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். தசை வெட்டிழுப்புடன் வரும் 'மெர்ஃப்' என்ற வலிப்பு நோய்க்கு 8,344ஆம் இடத்து மாற்றம் காரணம் என்பதும் அதே ஆண்டில் தெரிந்தது.

ஆனால் எல்லாப் பழியும் தாய்வழி என்று நினைத்துவிடக் கூடாது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் தேவை. 13 போக மற்றவற்றுக்கான மரபணுக்கள் எல்லாம் உட்கருவில்தான் இருக்கின்றன. 1995இல் பாரிஸைச் சேர்ந்த குழு ஒன்று, லீ நோயுள்ள குழந்தைகளில் உட்கரு மரபணு ஒன்றின் கோளாறைக் கண்டது. அந்த வகையில் தந்தை, தாய் இருவரிடமிருந்தும் சமமாகவே கோளாறு வருகிறது.

மூட்டையில் சொத்தைப் பயறு

ஒரே தாயின் பிள்ளைகளில் ஒருவர் படுக்கையில் கிடக்க, இன்னொருவர் ஓடி ஆடித் திரிவது எப்படி?

ஒரு மூட்டையில் நல்ல பயறும் சொத்தைப் பயறும் கலந்திருக்கின்றன. பார்க்காமல் ஆளுக்கு ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒருவருக்குச் சொத்தை அதிகம் போகும், ஒருவருக்குக் குறைவாகப் போகும். ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. பிரதிகள் உள்ளன. அவற்றில் நல்லதும் கெட்டதும் கலந்திருக்கலாம். தாயின் ஒவ்வொரு கருமுட்டைக்கும் வெவ்வேறு விகிதத்தில் அவை பங்காகின்றன. கெட்டவை ஓர் அளவைத் தாண்டினால்தான் நோய் வெளியே தெரியும். உடலுக்குள்ளேயும் கண்ணுக்கு ஒரு விகிதம், தசைக்கு ஒரு விகிதம், மூளைக்கு ஒரு விகிதம்.

இதனால்தான் 3,243ஆம் இடத்து மாற்றம் உள்ள ஒரே குடும்பத்தில் பாட்டிக்குச் சர்க்கரை நோயும் காது மந்தமும், தாய்க்கு ஒற்றைத் தலைவலி, பேரனுக்குப் பக்கவாதம் போன்ற தாக்குதல் என்று இருக்கலாம். இவை மூன்றையும் ஒரே நோயாக எவர் பார்ப்பார்கள்? பாட்டி சர்க்கரை மருத்துவரிடம் போவார், தாய் தலைவலி மாத்திரை போட்டுக்கொள்வார், பேரனை நரம்பு மருத்துவரிடம் கூட்டிப்போவார்கள். மூன்று சீட்டுகளும் ஒரே மேசைக்கு வருவதே இல்லை.

மூளையின் வரவு செலவு

கோளாறு உடல் முழுவதும் இருக்கலாம். பிறகு ஏன் மூளையும் நரம்பும் முதலில் அடிவாங்குகின்றன? விடை எளிது. மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதம். ஓய்வில் இருக்கும்போதே உடல் செலவழிக்கும் ஆற்றலில் அது எடுத்துக்கொள்வது சுமார் 20 சதவீதம். போதாக்குறைக்கு அதற்குச் சேமிப்பும் இல்லை. அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சாப்பிடும் குடும்பம் அது. வரவு கொஞ்சம் குறைந்தாலும் உலை ஏறாது.

இதற்கு ஒரு கொடூரமான சான்று 1982இல் கலிஃபோர்னியாவில் கிடைத்தது. போதைக்காகத் திருட்டுத்தனமாகத் தயாரித்த செயற்கை ஹெராயினைச் செலுத்திக்கொண்ட இளைஞர்கள் சிலர் சில நாட்களிலேயே அசைய முடியாமல், பேச முடியாமல் சிலை போல உறைந்துபோனார்கள். முதியவர்களுக்கு வரும் பார்கின்சன் நோயின் அச்சு அசல் தோற்றம்! நரம்பு மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் துருவிப் பார்த்ததில், அந்தப் போதைமருந்தில் எம்.பி.டி.பி. என்ற நச்சு கலந்திருந்தது தெரிந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் எந்திரத்தின் முதல் பகுதியை இந்த நச்சு முடக்குகிறது. 1989இல் லண்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள், சாதாரணப் பார்கின்சன் நோயில் இறந்தவர்களின் மூளையிலும் அதே பகுதி பலவீனமாக இருப்பதைக் கண்டார்கள். பரம்பரைப் பார்கின்சனோடு தொடர்புள்ள பார்கின் (1998), பிங்க்1 (2004) என்ற இரு மரபணுக்களின் வேலை, பழுதான மைட்டோகாண்ட்ரியாவைக் களைவது என்பதும் பின்னர் தெரியவந்தது.

மனநோய் என்று முத்திரை

இனி மனநோய்க்கு வருவோம். இங்குதான் கதை சிக்கலாகிறது.

மைட்டோகாண்ட்ரியா நோய் உள்ளவர்களிடம் மனச்சோர்வு அதிகமாகக் காணப்படுகிறது. சிலருக்கு மாயத்தோற்றங்கள், குழப்பம் போன்ற மனக்குறிகளே முதலில் வருகின்றன, மற்றவை பிறகுதான் தெரிகின்றன. அப்போது அவர் முதலில் போய்ச் சேரும் இடம் மனநலப் பிரிவு. களைப்பாக இருக்கிறது என்றால் சோம்பல் என்பார்கள். கை ஓடவில்லை என்றால் நடிப்பு என்பார்கள். உடலில் ஆற்றலே உற்பத்தியாகவில்லை என்பது எவருக்கும் தோன்றாது.

இந்தத் தவறுக்கு விலையும் உண்டு. வலிப்புக்கும் பைபோலார் எனப்படும் இருமுனை மனநோய்க்கும் பரவலாகத் தரப்படும் மருந்து வால்ப்ரோயேட். இது லட்சக்கணக்கானோருக்கு உதவிய நல்ல மருந்துதான். ஆனால் போல்ஜி என்ற மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கு இது கல்லீரலைச் செயலிழக்கச் செய்து உயிரையே பறிக்கக்கூடும். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும் நொதியை உருவாக்கும் உட்கரு மரபணு அது. நோய்க்குச் சரியான பெயர் வைப்பது வெறும் ஏட்டு விஷயம் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சரி, மற்ற மனநோயாளிகளுக்கும் மைட்டோகாண்ட்ரியாதான் காரணமா? ஜப்பானிய மனநல மருத்துவர் ததாஃபுமி கட்டோ 1990களில் பைபோலார் நோயாளிகளின் மூளையைத் தொடாமலே, காந்த அலைக் கருவி கொண்டு அதன் ஆற்றல் வேதிப்பொருள்களை அளந்தார். சில இடங்களில் குறைவு தென்பட்டது. 2000இல் பைபோலார் நோயில் மைட்டோகாண்ட்ரியாவின் பங்கு பற்றிய தன் கருத்தை வெளியிட்டார். 2006இல் அவரது குழு, மூளை நரம்புகளில் மட்டும் போல்ஜி கோளாறு உள்ள எலிகளை உருவாக்கியது. அந்த எலிகளின் அன்றாட நடமாட்ட ஒழுங்கு குலைந்தது. 2004இல் அமெரிக்காவிலும் பைபோலார் நோயாளிகளின் மூளைத் திசுவில் மைட்டோகாண்ட்ரியா தொடர்பான மரபணுக்களின் செயல்பாடு குறைந்திருப்பதாக ஓர் ஆய்வு வந்தது.

ஆனால் அவசரப்படக் கூடாது. நோயால் ஆற்றல் குறைந்ததா, ஆற்றல் குறைந்ததால் நோயா? சாப்பிட்ட மருந்துகளின் விளைவா? இந்தக் கேள்விகளுக்கு முடிவான விடை இல்லை. மனச்சிதைவு, பைபோலார் போன்றவற்றில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்களிக்கின்றன என்பதே இன்றைய நிலை. மைட்டோகாண்ட்ரியா அதில் ஒரு பங்காளியாக இருக்கலாம், முழு முதலாளி அல்ல.

தாயைக் குற்றம் சொன்ன காலம்

இங்கே இன்னொரு வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். 1948இல் ஃப்ரீடா ஃப்ராம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், பிள்ளைக்கு மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று ஒரு சொல்லையே புழக்கத்தில் விட்டார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாய்மார்களைப் பாசமற்ற 'குளிர்பெட்டித் தாய்' என்றார்கள். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய புத்தகம் அதை ஊரெங்கும் பரப்பியது. பல ஆண்டுகள் எத்தனையோ தாய்மார்கள் தங்கள் வளர்ப்பே பிள்ளையைக் கெடுத்தது என்று நம்பி அழுதார்கள். அது தவறு என்று பின்னர் கைவிடப்பட்டது.

தாய்வழி மரபு என்ற சொல் அந்தப் பழியைப் புதிய வேடத்தில் கொண்டுவந்துவிடக் கூடாது. கொடுத்தது தாயாக இருக்கலாம். ஆனால் அதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்கு அவர் தாய் கொடுத்தது, அந்தத் தாய்க்கு அவர் தாய் கொடுத்தது. அதே கைப்பிடியில்தான் உயிர்வாழத் தேவையான ஆற்றலும் வந்தது.

2025: எட்டுக் குழந்தைகள்

இதைத் தடுக்க முடியுமா? இங்கிலாந்தின் நியூகாசிலில் டக் டர்ன்புல், மேரி ஹெர்பர்ட் போன்றோர் ஒரு வழி கண்டார்கள். தாயின் கருவுற்ற முட்டையிலிருந்து உட்கருப் பொருளை மட்டும் எடுத்து, ஆரோக்கியமான வேறொரு பெண்ணின் முட்டைக்குள் வைப்பதே அது. உருவம், குணம் எல்லாம் பெற்றோருடையது. மைட்டோகாண்ட்ரியாவின் 37 மரபணுக்கள் மட்டும் தானம் செய்தவருடையவை. மூன்று பெற்றோர் குழந்தை என்று பத்திரிகைகள் அலறின. 2015 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கீழவையில் 382க்கு 128 என்ற வாக்குகளில் அனுமதி கிடைத்தது. 2022இல் ஆஸ்திரேலியாவும் சட்டம் இயற்றியது.

2025 ஜூலையில் நியூகாசில் குழு முடிவுகளை வெளியிட்டது. ஏழு தாய்மார்களுக்கு எட்டுக் குழந்தைகள். எல்லோரும் நலம். சில குழந்தைகளில் தாயின் கெட்ட மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. சிறிதளவு தெரிந்தது, ஆனால் நோய் உண்டாக்கும் அளவுக்குக் கீழே. வளர வளர என்ன ஆகும் என்பதைக் காலம்தான் சொல்ல வேண்டும்.

இது பிறக்கப்போகும் குழந்தைகளுக்கு மட்டும்தான். ஏற்கனவே நோயோடு வாழ்பவர்களுக்குக் கையில் இருப்பவை சொற்பம். லேபர் நோய்க்கு ஐடெபெனோன் என்ற மருந்து 2015இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அது எல்லோருக்கும் பலன் தருவதில்லை. மற்றபடி வலிப்பைக் கட்டுப்படுத்துவது, சர்க்கரையைக் கவனிப்பது, இதயத்தைச் சோதிப்பது, ஆகாத மருந்தைத் தவிர்ப்பது ஆகியவைதான் வழி. அதற்கும் முதலில் நோய் இன்னது என்று தெரிய வேண்டும்.

1871லிருந்து 1988 வரை, இந்த நோய் அம்மா வீட்டுப் பக்கமிருந்து வருகிறது என்று குடும்பங்கள் சொல்லிக்கொண்டேதான் இருந்தன. விதிக்குள் அடங்கவில்லை என்பதால் மருத்துவத்துக்கு அது விளங்கவில்லை. இன்று விதி தெரியும். ஆகவே மருத்துவர் குடும்ப வரலாற்றைக் கேட்கும்போது அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா என்பதோடு நிறுத்திவிடாமல், அம்மாவின் பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறுவயதில் காது கேட்காமல் போன சித்தி, இளம் வயதில் பார்வை இழந்த மாமா, காரணம் தெரியாமல் இறந்த குழந்தை என எல்லாவற்றையும்தான். மூன்று சீட்டுகளும் ஒரே மேசைக்கு வந்து சேர அதுதான் வழி.